அம்மாவுக்கு முன்னால் சுவரொட்டிக்குத் தெரிந்துவிட்டது

2013 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல்லில் காய்கறி வாங்கப் போன என் அக்கா, ஒரு சுவருக்கு முன்னால் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றிருக்கிறாள். மஞ்சள் நிறச் சுவரொட்டி. நற்செய்திப் பெருவிழா, மூன்று பேச்சாளர்களின் படங்கள், மூன்றாவது படம் என்னுடையது. படத்துக்குக் கீழே 'அன்று இஸ்லாமியர், இன்று இயேசுவின் சாட்சி' என்று சிவப்பு எழுத்தில் போட்டு, என் பெயரோடு எங்கள் தெருவின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அக்கா அன்று கத்திரிக்காய் வாங்காமலேயே வீட்டுக்குப் போனாள். நான் ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எட்டு மாதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சுவர் சொல்லிவிட்டது.

இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: முன்பு இருள், பின்பு வெளிச்சம், நடுவில் ஒரு கனவு. நான் எழுதப்போவது அது அல்ல. எந்த மார்க்கம் சரி என்று வாதாடுவதற்கும் இதை எழுதவில்லை. அந்தப் பாதையில் ஒருவன் எங்கெங்கே தடுக்கி விழுவான், எதில் எவ்வளவு காசு போகும், எது போனால் திரும்ப வராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது எங்கோ ஒரு அறையில் தலையணைக்கு அடியில் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கும் யாருக்காவது இது உதவலாம்.

நாங்கள் ராவுத்தர் குடும்பம். அத்தா, அதாவது அப்பா, தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர், ஆனால் அடுத்தவரைத் தொழச் சொல்லி விரட்டாதவர். சிறுவயதில் மதரஸாவில் ஓதியதால் ஈஸா நபி, அதாவது இயேசு, எனக்குப் புதியவர் அல்லர். குர்ஆனில் பத்தொன்பதாவது அத்தியாயமே அவர் தாய் மர்யமின் பெயரில்தான் இருக்கிறது. பேரீச்ச மரத்தடியில் பிள்ளை பெற்ற மர்யமையும், தொட்டிலில் கிடந்து பேசிய குழந்தையையும் அம்மா கதையாகச் சொல்லியிருக்கிறாள். கல்லூரி வாசலில் கிதியோன் சங்கத்தார் இலவசமாகக் கொடுத்த சட்டைப்பை அளவுப் புதிய ஏற்பாட்டை 2009இல்தான் ஒழுங்காகத் திறந்தேன். மத்தேயுவின் முதல் பக்கம் முழுக்க இன்னார் இன்னாரைப் பெற்றான் என்றே ஓடியது, மூடி வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து நடுவில் எங்கோ திறந்தபோது லூக்கா பதினைந்தாம் அதிகாரம். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வந்த மகனைத் தூரத்திலேயே கண்டு, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் தகப்பன். வயதான மனிதர் தெருவில் ஓடுவது எங்கள் பக்கத்தில் மானக்கேடு. என் அத்தா எதற்கும் ஓடியவர் அல்லர். அந்த ஓட்டத்தில்தான் நான் மாட்டினேன். மூன்று வருடம் படித்தேன். சிலுவையில் அறையப்பட்டாரா இல்லையா என்ற இடத்தில் இரண்டு வேதங்களும் பிரிகின்றன. அந்த முச்சந்தியில் நெடுநாள் நின்றேன். பிறகு ஒரு பக்கம் நடந்தேன், அவ்வளவுதான்.

சிறிய விஷயம் ஒன்று, யாரும் எச்சரிக்காதது. தமிழே மாறிவிடும். எங்கள் வீட்டுத் தமிழில் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல். நான் போய்ச் சேர்ந்த சபையில் ஜெபம், உபவாசம், பண்டிகை, தேவாலயம். முதல் ஆறு மாதம் வாய் குழறியது. ஒரு கூட்டத்தில் வாய் தவறி 'துஆ செய்வோம்' என்று சொல்லிவிட்டேன். பின் வரிசையில் சிரிப்பு. சிரித்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அன்று இரவு அழுதேன், ஏனென்றால் அது அம்மாவின் சொல். கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன்: அவசரமாக வாய்மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை எதுவும் இல்லை. இன்றும் தனியாக இருக்கும்போது 'ஆண்டவனே' என்றுதான் வருகிறது. அம்மாவும் அதைத்தான் சொல்வாள்.

2012 மே மாதம் ஞானஸ்நானம் எடுத்தேன். முதலில் பழைய பெரிய சபை ஒன்றில் கேட்டபோது அங்கிருந்த ஆயர் ஒரு வருடம் வந்து உட்காருங்கள், வகுப்பில் படியுங்கள், வீட்டில் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம் என்றார். என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்று கோபம் வந்தது. வாடகைக் கட்டடத்தில் நடந்த ஒரு சிறு சபையில் கேட்டேன். அடுத்த ஞாயிறே தோட்டத்துத் தொட்டியில் முழுக்கிவிட்டார்கள். யார் என்மேல் அக்கறை காட்டினார் என்பது ஐந்து வருடம் கழித்துத்தான் விளங்கியது. காத்திருக்கச் சொல்கிறவரிடம் போங்கள். அப்புறம், மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று அப்போது பயந்தேன். தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வேலைக்காக வடக்கே இருப்பவர்கள் அந்தந்த மாநிலத்துச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் தொட்டிப் பக்கம் போக வேண்டாம்.

சுவரொட்டிக்கு வருகிறேன். என்னிடம் கேட்காமல் போட்டார்கள் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழு உண்மை அது இல்லை. 'ஒரு படம் கொடுங்கள் தம்பி' என்று கேட்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் ஒரு கிளுகிளுப்பு இருந்தது. அதுவரை என்னை யாரும் எந்த மேடைக்கும் கூப்பிட்டதில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை. 'ஊரெல்லாம் தெரிந்த பிறகுதானா எனக்கு?' என்று மட்டும் கேட்டாள். மார்க்கம் மாறியதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது என்று இப்போதும் நம்புகிறேன். ஆகவே முதல் வேலை இதுதான்: வீட்டில் உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரிடம், நீங்களே, நேரில், மற்ற யாருக்கும் தெரியும் முன்னால் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்று உண்மையிலேயே நினைத்தால் வெளியூர் போய் அங்கிருந்து சொல்லுங்கள். ஆனால் அந்தச் செய்தியைச் சுவரிடம் விடாதீர்கள். சபையில் சேரும் அன்றே, என் பெயரையும் படத்தையும் எங்கும் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அப்போது நான் தாய்மாமாவின் பாத்திரக் கடையில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் மகளைத்தான் எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். வேலை, சம்பந்தம் இரண்டும் ஒரே நாளில் போயின. மாமா அடிக்கவில்லை, திட்டவில்லை, அன்றைய தேதி வரை சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்து, கடைச் சாவியை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டது என் குற்றக் கணக்கில் இன்னும் நிற்கிறது. ஒரு பையில் நான்கு சட்டையோடு வெளியே வந்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டம், பிறப்புச் சான்று எல்லாம் வீட்டு பீரோவில். அவற்றை வாங்கப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதமும் சான்றிதழ் கேட்காத வேலைகளில்தான் ஓடின, அதாவது மூட்டை தூக்கும் வேலைகளில். மனம் மாறிக்கொண்டிருக்கும் போதே அசல் சான்றிதழ்களை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் சேருங்கள். விசுவாசம் மலையை நகர்த்தும், அட்வான்ஸ் கொடுக்காது.

அந்த அட்வான்ஸ்தான் அடுத்த வினை. அறை பிடிக்க 10,000 ரூபாயைச் சபையிலிருந்து கொடுத்தார்கள். வாங்கினேன். வேறு வழி இருந்ததாக அன்று தோன்றவில்லை. அந்தப் பத்தாயிரம் எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு லட்சமாக வளர்ந்திருந்தது. 'பணத்துக்கு மாறியவன்' என்ற பெயரை எந்தச் சான்றிதழாலும் அழிக்க முடியாது. மூன்று வருடம் மாதாமாதம் கொடுத்து அடைத்தேன், ரசீது வாங்கி வைத்தேன். அந்த ரசீதுகளை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் நண்பனிடம் வாங்குங்கள், வட்டிக்கடையில்கூட வாங்குங்கள், சபையில் வாங்காதீர்கள்.

இனி எழுதுவது சொல்லக் கூச்சமானது. வேலை இல்லாத அந்த நாட்களில் என்னை ஊர் ஊராக மேடை ஏற்றினார்கள். மதுரை, தேனி, கரூர், திருச்சி என்று 23 கூட்டங்கள். முடிந்ததும் ஒரு உறையில் 500 ரூபாய். ஆரம்பத்தில் நடந்ததைத்தான் சொன்னேன்: படித்தேன், யோசித்தேன், நம்பினேன். கூட்டம் கொட்டாவி விட்டது. அமைப்பாளர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, 'உபத்திரவம் ஒன்றும் இல்லையா? வீட்டில் அடித்திருப்பார்களே, கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்' என்றார். ஏழாவது மேடையில், என் அத்தா என்னை மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் ஓர் அறையில் பூட்டி வைத்தார் என்று சொன்னேன். மைதானமே எழுந்து கை உயர்த்தியது. அதன் பிறகு பதினாறு மேடைகளில் அந்தப் பூட்டு என் கூடவே வந்தது. அந்தப் பேச்சைச் சி.டி. போட்டு ஐம்பது ரூபாய்க்கு விற்றார்கள். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். ஆனால் எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான், அது குளியலறை. அந்தச் சி.டி. அத்தாவின் கைக்கு எப்படிப் போனது என்று தெரியாது. போனது. 2013க்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் மாறிய பிறகும் சுவரொட்டி வந்த பிறகும்கூட முகம் கொடுத்தவர் அந்தச் சி.டி.க்குப் பிறகு நிறுத்திக்கொண்டார்.

மேடை ஏறாதீர்கள். எத்தனை வருடம் என்று கேட்டால் பத்து என்பேன். புதிதாக வந்தவனின் வாயிலிருந்து மசாலா எதிர்பார்க்கும் கூட்டம் எந்த மதத்திலும் உண்டு. நீங்கள் விட்டுவந்த வீட்டை விற்றுத்தான் அந்த மசாலாவை வாங்க முடியும். இதே போல விவாதங்களுக்கும் போகாதீர்கள். பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து செயலாளரும், மார்க்க அறிஞரான ஒரு ஹஜ்ரத்தும் என் அறைக்கு வந்தார்கள். கதவைத் திறக்கும்போது கை நடுங்கியது. ஹஜ்ரத் இரண்டு மணிநேரம் பொறுமையாகப் பேசினார், நான் புரியாத வயதுக்காரனின் திமிரோடு வசனம் வசனமாகத் திருப்பி அடித்தேன். போகும்போது செயலாளர், 'பெருநாளைக்கு வந்து உன் அம்மாவைப் பார். யாரும் தடுக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு' என்றார். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது என்பதும் தெரியும். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். என்னை யாரும் தொடவில்லை. தொட்டதாகச் சொன்னவன் நான்தான்.

பெயர் மாற்றிய கதை தனி வீண் செலவு. என் பெயர் யூசுப். குர்ஆனில் அவர் பெயரில் ஒரு அத்தியாயமே உண்டு, பைபிளில் அவரே யோசேப்பு. ஒரே மனிதர், ஒரே கிணறு, அதே அண்ணன்மார். ஆனாலும் 'பழைய பெயர் எதற்கு' என்று சபையில் சொன்னார்கள். 2014இல் அரசிதழில் பெயர் மாற்றினேன். சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறைக்கு நேராக விண்ணப்பித்திருந்தால் கட்டணத்தோடு முடிந்திருக்கும். திண்டுக்கல்லில் ஒரு தரகரிடம் 4,500 ரூபாய் கொடுத்து, மதம் மாறியதற்கான சான்றை அவர் தொலைத்து, இன்னொன்று வாங்கி, ஆறு மாதம் அலைந்தேன். அதன் பிறகு வங்கி, பான், ஆதார், ஓட்டுநர் உரிமம் ஒவ்வொன்றாக. மதிப்பெண் பட்டியல்களில் பழைய பெயர் பழைய பெயராகவே இருக்கிறது. வேலைக்குப் போகும் இடமெல்லாம் அரசிதழ் நகலை நீட்டி, என் கதையைச் சொல்ல வேண்டும். பின்னால் ஒரு நாள் திருச்சி தூய யோவான் ஆலயத்தில் கல்கத்தா பிஷப்பாக இருந்த ஹீபரின் கல்லறையைப் பார்க்கப் போனேன். 1826இல் திருச்சியில் குளத்தில் இறந்தவர். அவர் அதற்கு முந்தைய வருடம் குருவாக அபிஷேகம் செய்த ஒருவரைப் பற்றி அப்போது படித்துக்கொண்டிருந்தேன். டெல்லிக்காரர், ஷேக் சாலிஹ் என்று இருந்தவர், 1811இல் கல்கத்தாவில் ஞானஸ்நானம் பெற்று அப்துல் மஸீஹ் ஆனவர். மஸீஹின், அதாவது மேசியாவின், அடிமை என்று பொருள். பெயரை மாற்றினார், ஆனால் தன் வீட்டு மொழியிலேயே மாற்றினார். இருநூறு வருடத்துக்கு முன் அவருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. சட்டம் யாரையும் பெயரை மாற்றச் சொல்வதில்லை. என் அம்மா இன்றும் யூசுப் என்றுதான் கூப்பிடுகிறாள், நானும் அதற்குத்தான் திரும்புகிறேன்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தையும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத தனி ஒதுக்கீடு இருக்கிறது, ராவுத்தர்கள் அதில் வருவார்கள். அதே வருடம் கிறிஸ்தவர்களுக்கும் அதே அளவு கொடுத்தார்கள், அதனால் தங்களுக்கு நட்டம் என்று அவர்களே கேட்டு 2008இல் அது நீக்கப்பட்டது. முஸ்லிமாக வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு மாறிய பிறகும் அரசுத் தேர்வு எழுதச் சிலர் யோசனை சொன்னார்கள். எழுதியிருந்தால் வேலை கிடைத்த பிறகுகூட அது பொய்ச் சான்றாகி எல்லாம் போயிருக்கும். நான் பொதுப் பிரிவில் எழுதினேன், தேறவில்லை. ஒதுக்கீட்டில் எழுதியிருந்தால் தேறியிருக்கக்கூடிய மதிப்பெண்தான். இதை விசுவாசத்தின் விலை என்று மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் அது ஒரு தாலுகா அலுவலக நாற்காலி.

2015 நவம்பரில் அத்தாவுக்கு மாரடைப்பு. மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அக்காவின் கணவர், என் மச்சான், யாருக்கும் சொல்லாமல் எனக்கு போன் செய்தார். மூன்றாம் நாள் இரவு மச்சான் டீ குடிக்கப் போன நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும். அத்தா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் குழாயை ஒரு விரலால் விலக்கினார். 'எந்த அறையில் உன்னைப் பூட்டினேன்?' என்று கேட்டார். கோபம் இல்லை. கணக்கில் இடிக்கும் ஒரு தொகையைப் பற்றி விசாரிப்பது மாதிரியான குரல். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். பதில் சொல்வதற்குள் மச்சான் டீயோடு வந்துவிட்டார். மறுநாள் பகலில் அத்தா இறந்தார்.

ஜனாஸா தொழுகை வரிசையில் நான் நிற்க முடியாது, நிற்கவும் இல்லை. கபர்ஸ்தானின் வேப்பமரத்தடியில் தொப்பி இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். மண் தள்ளும் நேரத்தில் மச்சான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் வழி விட்டது. மூன்று கைப்பிடி மண் போட்டேன். செம்மண், ஈரமாக இருந்தது, மூன்றாவது பிடி கையில் ஒட்டிக்கொண்டு விழவில்லை. யாரோ பின்னாலிருந்து என் கையைத் தட்டிவிட்டார்கள்.

நாற்பது நாள் கழித்துச் சின்னத்தா, அதாவது அத்தாவின் தம்பி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு வந்தார். அத்தா ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார், அன்றைய மதிப்பு 12 லட்சம். மார்க்கத்தை விட்டவனுக்கு ஷரீஅத்தில் பங்கு கிடையாது, எப்படியும் உனக்கு இல்லை, ஒரு கையெழுத்துப் போட்டால் பட்டா மாற்றச் சுலபம் என்றார். இருந்த குற்ற உணர்ச்சியில் தலையைக்கூடக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன். 2018இல் வேறு ஒரு வேலையாக ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மதம் மாறியதாலோ மதத்திலிருந்து விலக்கப்பட்டதாலோ ஒருவருடைய வாரிசுரிமை பறிபோகாது என்று 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் சொல்லியிருந்தது. அத்தா இறந்த நாளில் அது நடப்பில் இருந்தது. நான் வாரிசாக நின்றிருந்தால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, மீதியில் எனக்கு இரண்டு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு. எனக்கு ஏழு லட்சம். நான் இல்லை என்றால் ஆண் வாரிசு இல்லாத கணக்காகி, அக்காவுக்குப் பாதி போக, அம்மாவின் பங்கும் போக, எஞ்சிய நாலரை லட்சம் சின்னத்தாவுக்கு. அவர் ஏன் அவ்வளவு வெயிலில் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது மூன்று வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. வழக்குப் போட்டால் அம்மாவையும் அக்காவையும் எதிர்வாதிகளாகச் சேர்க்க வேண்டும் என்றார்கள். போடவில்லை. உங்கள் நிலைமையில் இன்று எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் ஆகும், எனக்கு ஏழு லட்சம் ஆனது. துக்கத்தில் இருக்கும்போது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அத்தாவுக்கும் ஒரு வழி இருந்ததாம், வாரிசு அல்லாதவருக்கும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத், அதாவது உயில், எழுதலாம் என்று ஒரு ஆலிம் நண்பர் பின்னால் சொன்னார். பூட்டிய தகப்பன் எழுதுவாரா என்ன.

மணமானவர்கள் கவனிக்க இன்னொன்று. எங்கள் சபைக்கு வந்த ஒரு பெண், தான் மாறியதுமே நிக்காஹ் தானாக முறிந்துவிட்டது என்று எண்ணி மறுமணத்துக்குத் தயாரானார். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, மனைவி மதத்தை விட்டதால் மட்டும் திருமணம் முறியாது என்கிறது. நல்ல வேளை, யாரோ தடுத்தார்கள்.

என் திருமணம் 2017இல். அதற்கு முன் ஒன்றரை வருடம் பெண் தேடியபோது ஒரு பாடம் கிடைத்தது. 'கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று' என்று ஞாயிற்றுக்கிழமை பாடுகிறவர்கள் திங்கட்கிழமை தரகரிடம் 'தம்பி என்ன ஆட்கள்?' என்று கேட்டார்கள். ராவுத்தர் என்றால் முழித்தார்கள். எங்கள் தெருவில் நான் கிறிஸ்தவன், சபையில் நான் சாய்பு பையன். என்னைக் கட்டிக்கொண்டவளின் வீட்டார் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று சொல்ல ஆசைதான். கேட்டார்கள், பிறகு விட்டுக்கொடுத்தார்கள். இப்போது நாங்கள் இருப்பது, என்னை ஒரு வருடம் காத்திருக்கச் சொன்ன அதே பழைய சபையில். மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தது. அங்கே சேர்ந்ததும் நான் விசாரித்த முதல் விஷயம் கல்லறைத் தோட்டம். சிரிக்காதீர்கள். கபர்ஸ்தானில் எனக்கு இடமில்லை, தொட்டியில் முழுக்கிய சபைக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. சபைப் பதிவேட்டில் பெயர் ஏற்றி, மாதச் சந்தாவைப் பாக்கி இல்லாமல் கட்டி, ரசீதுகளைக் கோப்பில் வைத்திருக்கிறேன். நாளை என் மனைவி யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது.

மேடைகளில் சொன்ன பொய்யை அத்தாவிடம் சரிசெய்ய முடியவில்லை. அம்மாவிடம் சொன்னேன், 2016இல், அவள் இத்தாவை, அதாவது கணவனை இழந்தவளின் காத்திருப்புக் காலத்தை, முடித்த பிறகு. தெரியும் என்றாள். அந்தச் சி.டி. இன்னும் பீரோவில் இருக்கிறது, வேண்டுமா என்றாள். அமைப்பாளருக்கும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. சின்னச் சின்னதாகத்தான் வீடு திரும்பியது. பக்ரீத் கறி அக்கா வழியாக ஒரு தூக்குவாளியில் வந்தது. அடுத்த வருடம் நோன்புக் கஞ்சி. 2019இல் மகள் பிறந்தபோது அம்மா மருத்துவமனை வாசல் வரை வந்து, உள்ளே வராமல், குழந்தையை வாசலிலேயே வாங்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

2022 கிறிஸ்துமஸ் அன்று காலை பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள், முன்னறிவிப்பு இல்லாமல். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரில் இருந்த சிலுவையைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையைத் தவிர்த்துத் தரையில் உட்கார்ந்தாள். மனைவி பிரியாணித் தட்டை முன்னால் வைத்தாள். அம்மா தொடவில்லை. 'கறி எந்தக் கடையில் வாங்கினாய்?' என்று என்னிடம் கேட்டாள். பேகம்பூரில், பாய் கடையில் என்றேன். எந்தப் பாய் என்றாள். சொன்னேன். பிஸ்மி சொல்லி ஒரு வாய் எடுத்து மென்றுவிட்டு, மருமகள் பக்கம் திரும்பி, உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்றாள்.